தொட்டி வண்டிக்கு ஒரு முன் கண்ணாடி

சேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சினாப்பள்ளி
1938 அக்டோபர் 12

ஈப்போவில் இருக்கும் அருமை மகன் விக்டருக்கு அம்மா அமிர்தம் எழுதுவது. நீயும் மருமகள் சலேத்மேரியும் அவள் வயிற்றில் இருக்கும் நம்முடைய சின்ன ஆளும் மாதாவின் காவலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித் தொடங்குகிறேன். இங்கே நான் சுகம், அப்பா சுகம், வண்டியும் சுகம். வண்டியை ஏன் குடும்பத்தோடு சேர்க்கிறாய் என்று கேட்காதே, உன் அப்பா ரயில்வே பட்டறையிலிருந்து பென்ஷனோடு வீட்டுக்கு வந்த நாள் முதல் அதுதான் எங்களுக்கு மூத்த பிள்ளை, அதற்கு எண்ணெய் கொடுத்த பிறகுதான் எனக்குக் காப்பி. ஆடியிலிருந்து நான் உனக்கு ஒரு வரி எழுதவில்லை, அப்பாதான் எழுதினார், அம்மாவுக்குப் பிரசவ வேலை அதிகம், கையில் லேசான கீறல், வேறொன்றும் இல்லை என்று. அதில் பிரசவ வேலை என்பது மட்டும் நிஜம். போகட்டும், ஆண்பிள்ளைகள் கடிதம் எழுதினால் அப்படித்தான், காலே போனாலும் செருப்பு தேய்ந்துவிட்டது என்று எழுதுவார்கள் என்று சும்மா இருந்தேன். ஆனால் முந்தாநாள் உன் கடிதம் வந்தது. நீயும் அப்பாவைப் போலவே மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் ஆள் உட்காரும் தொட்டி மாட்டிவிட்டதாகவும், சலேத்மேரியை ஆஸ்பத்திரிக்கு அதில்தான் கூட்டிப் போகப் போவதாகவும், அப்பாவுக்குச் சொன்னது போலவே ஜன்னல் கண்ணாடியை உயரமாக வெட்டி அவள் முன்னால் நிறுத்தப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். இனி நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாவம். அப்பா பொன்மலைக்குப் பழைய கூட்டாளிகளைப் பார்க்கப் போயிருக்கிறார், அவர் திரும்புவதற்குள் எழுதித் தபாலில் சேர்த்துவிட வேண்டும். நீ இதை உட்கார்ந்துகொண்டு படி, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கப்பல் ஏறிய பிறகு வாங்கிய வண்டி, போட்டோவில்தான் பார்த்திருக்கிறாய். சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரையிடம் வாங்கினார். துரை அந்தத் தொட்டியில் தன் நாயை உட்காரவைத்துக்கொண்டு கன்டோன்மென்ட் முழுக்கச் சுற்றுவாராம், இப்போது அந்த இடம் எனக்கு. 'பிரசவத்துக்கு ஆள் வந்தா ஜட்கா தேடிக்கிட்டு ரோட்டுல நிக்கிறியே அமிர்தம், இனிமே ராணி மாதிரி போ' என்றார். கூரை இல்லை, கதவு இல்லை, முன்னால் மறைப்பு இல்லை. ராணி துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் போய் இறங்கியபோது புருவம் முழுக்கச் செம்மண், வாயில் ஏதோ வண்டு. வலியில் அலறிக்கொண்டிருந்த பிள்ளைத்தாய்ச்சி என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். பிரசவம் சுலபமாக ஆனது என்னவோ உண்மை, ஆனாலும் எல்லா வீட்டுக்கும் அப்படிப் போக முடியுமா, கண்ணில் தூசி விழுந்து சிவந்துபோய் நின்றால் நர்சம்மா அழுகிறாள், கேஸ் மோசம் போலிருக்கிறது என்று வீட்டுக்காரர்கள் ஒப்பாரியை ஆரம்பித்துவிடுகிறார்கள். இதைச் சொன்னதும் அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. 'ரயில் இஞ்சினையே பிரிச்சுப் பூட்டுனவன், ஒரு தொட்டிக்குக் காத்து மறைப்பு பண்ண மாட்டேனா' என்றார். அன்று பிடித்தது சனி.

முதலில் கித்தான். கூடாரம் தைக்கிறவனைப் பிடித்து, நடுவில் மைக்காத் தகட்டில் ஒரு சின்ன ஜன்னல் வைத்து, கம்பியில் கட்டினார். ஊருக்குள் நன்றாகத்தான் இருந்தது. காவேரிப் பாலத்தில் ஏறினோம், எதிர்க்காற்று, கித்தான் பாய்மரம் மாதிரி உப்பியது, அப்பா முன்னே விடுகிறார், காற்று பின்னே தள்ளுகிறது, பக்கத்தில் வந்த கட்டை வண்டி எங்களைத் தாண்டிப் போயிற்று, மாட்டுக்காரன் எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். பாதிப் பாலத்தில் கித்தான் கிழிந்து ஆற்றில் விழுந்து கல்லணைப் பக்கம் கிளம்பிவிட்டது. அடுத்தது செலுலாய்டு. அதுதான் நாகரிகம், உடையாது, கனமில்லை, கண்ணாடி மாதிரியே தெரியும் என்று மதராசிலிருந்து தருவித்தார். எல்லாம் சரி, அது நெருப்பைக் கண்டால் கற்பூரம் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நாலு பேரைக் கூட்டிவைத்து, பாருங்கள் எவ்வளவு கெட்டி என்று தட்டிக் காட்டினார். எந்தக் கையால் தட்டினார் தெரியுமா, உறையூர்ச் சுருட்டு இருந்த கையால். குப்பென்று போயிற்று. சாமியார் தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்தார். தொட்டியில் நான் இல்லை, வேறு ஒன்றும் சேதமில்லை, அப்பாவின் மீசையில் ஒரு பக்கம் மட்டும். மறுவாரம் சாமியார் நரகத்தைப் பற்றிப் பிரசங்கம் வைத்தபோது சனங்கள் எல்லாரும் எங்கள் பெஞ்சையே பார்த்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் உன் கடிதம் வந்தது. மலாயாவில் எல்லாரும் கண்ணாடிதான் வைக்கிறார்கள், கனமான கண்ணாடியாக வாங்கி முகத்துக்கு மேலே வரும்படி வையுங்கள் என்று எழுதியிருந்தாய். அப்பாவுக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. 'பையன் சொல்லிட்டான் பார்த்தியா' என்று தெருவெல்லாம் சொல்லி, மலைக்கோட்டைக்குக் கீழே கடை கடையாக ஏறி, ஜன்னலுக்கு வைக்கும் கண்ணாடியிலேயே கனமானதாகப் பார்த்து வாங்கி, நம் தெரு ஆசாரி வெள்ளைச்சாமியிடம் தேக்கில் சட்டம் போடச் சொன்னார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், 'உடைஞ்சா என்னங்க ஆகும்' என்று. 'ஏன் உடையப் போவுது' என்றார். நியாயமான பதில்தான், நானும் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பொய் சொல்லக் கூடாது விக்டர், அந்தச் சில வாரமும் சொர்க்கமாக இருந்தது. காற்றில்லை, தூசியில்லை, போகும்போதே ஜெபமாலை சொல்ல முடிந்தது. பாலக்கரையில் எல்லாரும் நின்று பார்ப்பார்கள், கண்ணாடிக் கூண்டில் மாதா சுரூபம் சப்பரத்தில் வருகிற மாதிரி இருக்கிறதாம், ஒரு கிழவி மெய்யாகவே சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஆடி முடிகிற சமயம், ஒரு நாள் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வக்கீல் வீட்டு ஆள் சைக்கிளில் வேர்க்க வேர்க்க வந்தான். வக்கீல் மகள் கோமளத்துக்கு வலி எடுத்து வெகு நேரம் ஆகிறது, குழந்தையின் கால் முதலில் தெரிகிறது, உள்ளூர் மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு முதல் பிரசவத்திலேயே பிள்ளை தங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த வீட்டிலிருந்து என்னைக் கூப்பிடுகிறார்கள் என்றால் நிலைமை எப்படி என்று நீயே யோசித்துக்கொள், சாதாரண நாளில் என் நிழல் பட்டாலும் தண்ணீர் தெளிக்கிற வீடு. பையை எடுத்துக்கொண்டு ஏறினேன். ஆடிக்காற்றில் அம்மி பறக்கும் என்பார்கள், அன்று பாலத்தில் கண்ணாடி இருந்ததால் நான் பறக்கவில்லை. பாலம் இறங்கி அம்மா மண்டபம் ரோட்டில் திரும்பினோம், முன்னால் மூங்கில் ஏற்றிய ஒரு வண்டி. எதைக் கண்டோ மாடு மிரண்டு நின்றுவிட்டது. அப்பா பிரேக் போட்டார், அவர் மேல் தப்பே இல்லை, வண்டி நின்றுவிட்டது, ஆனால் நிற்கிற வேகத்தில் தொட்டி மட்டும் ஒரு முழம் முன்னே போயிற்று. வண்டிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த மூங்கில் நேரே என் முகத்துக்கு வந்தது. இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் கொண்டுபோனது மட்டும் ஞாபகம். கண்ணாடி கத்தி கத்தியாகச் சிதறியது.

முகத்தில் ஒரு கீறல் இல்லை. கைதான். வலது உள்ளங்கை குறுக்கே பிளந்து, சுண்டு விரலிலும் மோதிர விரலிலும் வெள்ளையாக உள்ளே தெரிந்தது, இடது கையில் நாலைந்து வெட்டு. வலி அப்போது தெரியவில்லை. என் கையை நான் பார்த்தேன், அப்பாவும் பார்த்தார். எத்தனை பிள்ளைகளை வெளியே எடுத்த கை என்று அவருக்குத் தெரியும், உன்னைத் தவிர இந்தத் தெருவில் பாதிப் பேரை எடுத்தது அதுதான். தோள் துண்டைக் கிழித்து என் இரண்டு கையையும் சுற்றிக் கட்டினார். 'ஆஸ்பத்திரிக்குத் திருப்புறேன் அமிர்தம்' என்றார். 'ஆஸ்பத்திரி ஆத்துக்கு அந்தப் பக்கம், அந்தப் பொண்ணு இந்தப் பக்கம், நேரா விடுங்க' என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எதிர்த்துப் பேசாமல் விட்டார்.

வக்கீல் வீட்டில் எனக்கு ஏற்பாடெல்லாம் சிறப்பாகச் செய்திருந்தார்கள். கொல்லைப்புறமாக வர வேண்டும், இந்த வழியில் நடக்க வேண்டும், இந்தப் பலகையில் உட்கார வேண்டும், கோமளத்தைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது. இதையெல்லாம் சொல்லக் கோமளத்தின் அம்மா செங்கமலம் மாமி ஈரப் புடவையோடு கதவில் நின்றார்கள். நான் ரத்தம் சொட்டச் சொட்ட, துணி சுற்றிய கைகளை இரண்டு மூட்டை மாதிரித் தூக்கிக்கொண்டு நின்றேன். 'மாமி, இந்தக் கையை நான் உள்ளே வைக்கக் கூடாது, வச்சா உங்க பொண்ணு ஜன்னி கண்டு போயிடுவா' என்றேன். 'எதையும் தொடாதேங்கோன்னு சொல்லத்தான் வந்தேன், நீங்க ஒண்ணையுமே தொடமாட்டேன்னு வந்து நிக்கறேளே, நான் யார்கிட்டப் போவேன்' என்று மாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே அந்தப் பெண் கத்துகிறது. எனக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது, என்ன செய்ய, 'யார்கிட்டயும் போக வேண்டாம், உங்க ரெண்டு கையையும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்ங்க, வளையலைக் கழட்டுங்க, என் பையில கிருமி சாகுற லைசால் மருந்து இருக்கு, எடுத்துத் தண்ணியில ஊத்துங்க' என்றேன். 'உங்க பையைத் தொடணுமா' என்றார்கள். 'பொண்ணு வேணுமா, வேண்டாமா' என்றேன். எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு எல்லாம் எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சலேத்மேரி படிக்கட்டும், அவளுக்கு வெட்கம் வேண்டாம். கால் முதலில் வரும் பிள்ளையை இழுக்கக் கூடாது, இழுத்தால் பிள்ளையின் கை மேலே போய்த் தலை மாட்டிக்கொள்ளும். தொப்புள் தெரிகிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டும், அதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை. மாமியின் கை தானாக நீளுகிறது, நான் 'கையை எடுங்க மாமி' என்று அதட்டுகிறேன். 'வரது, வரது, பிடிச்சு இழுத்துடட்டுமா' என்கிறார்கள், 'கூடாது, வெந்நீர்த் துணியைச் சுத்திப் பிடிங்க, அது போற பக்கம் நீங்களும் போங்க'. ஒரு தோள் வந்தது, மறு தோளுக்குக் குழந்தையைப் பாதி திருப்பச் சொன்னேன், திருப்பினார்கள். தலை நின்றுவிட்டது. அந்த இடத்தில் மாமி, 'என்னால ஆகாதும்மா, என் கையாலயே நான் கொன்னுடுவேன்' என்று அழ ஆரம்பித்தார்கள். கோமளம் கத்துவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தது. நான் கட்டுப் போட்ட கையை மாமியின் முதுகில் வைத்து, தீட்டாவது மடியாவது, குனிந்து காதிலே சொன்னேன், 'அழுறதுக்கு அப்புறமா நேரம் இருக்கு. பிள்ளையை உங்க முன்னங்கை மேலே படுக்க வையுங்க, ஒரு விரலை அதோட வாய்க்குள்ள வச்சுத் தாடையை மாருக்கு அமுக்குங்க, அப்படியே மெதுவா மேலே தூக்குங்க'. தூக்கினார்கள். வந்துவிட்டது. நீலமாக இருந்தது, அழவில்லை. 'வாயைத் துடைங்க, முதுகைத் தேய்ங்க, இன்னும் தேய்ங்க' என்று நான் கத்தியது வாசலில் இருந்த வக்கீலுக்கும், தொட்டியில் கண்ணாடித் துண்டு பொறுக்கிக்கொண்டிருந்த உன் அப்பாவுக்கும் கேட்டதாம். ஒரு விக்கல் வந்தது, அப்புறம் ஒரு கனைப்பு, அப்புறம் தெருவே கேட்கும்படி ஒரு அழுகை. பெண் குழந்தை. வக்கீல் வெளியிலிருந்து 'ஆணா' என்று கேட்டார். மாமி, 'உயிரோட இருக்கு, அது போறாதா உங்களுக்கு' என்றார்கள். அவருக்கு அப்படி ஒரு பதில் அந்த வீட்டில் அதுவரை கிடைத்திருக்காது.

நான் பலகையில் உட்கார்ந்தேன், அப்போதுதான் வலி வந்தது. மாமி வந்து என் இரண்டு மூட்டைக் கையையும் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். நான் கிளம்பிய பிறகு தலைக்குக் குளித்திருப்பார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை, பிரசவம் பார்த்துவிட்டு வந்தால் நானும் குளிக்கிறவள்தானே. வருத்தம் இதில்தான்: இப்போது ஸ்ரீரங்கத்தில் என்ன பேச்சு என்றால், செங்கமலம் மாமி தனியாளாகக் கால் பிரசவம் பார்த்துவிட்டார்கள், கூப்பிட்ட நர்ஸ் பலகையில் உட்கார்ந்து வாயடித்துக்கொண்டிருந்தாள் என்று. பக்கத்து வீட்டில் ஒருத்திக்கு வலி எடுத்தபோது மாமியையே கூப்பிட்டார்களாம். மாமி நடுங்கிப்போய் எனக்கு ஆள் அனுப்பினார்கள், கட்டுப் போட்ட கையோடு வந்தாலும் பரவாயில்லை, வாய் வந்தால் போதும் என்று.

பெரிய ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். சுண்டு விரல் மடங்காது என்றார் டாக்டர், மோதிர விரல் பாதி மடங்குகிறது, மற்ற மூன்றும் பழையபடி. போன வாரம் தனியாக ஒரு பிரசவம் பார்த்தேன், சுகப் பிரசவம், கை சொன்னபடி கேட்டது. ஆகையால் பயப்படாதே. ஆனால் அந்த வாரங்களில் உன் அப்பா பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். வண்டியைக் கோணி போட்டு மூடிவிட்டார். எனக்குச் சோறு ஊட்டினார். தலை வாரிப் பின்னலும் போட்டார், பட்டறையில் வடம் முறுக்கியவர் போட்ட பின்னல் எப்படி இருக்கும், நான் அதோடு கோயிலுக்கும் போனேன். 'விக்டருக்குத் தெரியக் கூடாது அமிர்தம், அவன் சொல்லித்தான் கண்ணாடி வச்சோம்னு தெரிஞ்சா அந்தப் புள்ள சோறு திங்காது' என்று எத்தனை தடவை சொன்னார். நானும் சரி என்றேன். இப்போது நீ சோறு தின்னாமல் இருப்பதைவிடச் சலேத்மேரி முன்னால் அந்தக் கண்ணாடி நிற்பது பெரிது என்பதால் வாக்கை மீறுகிறேன். உன் மேல் குற்றம் இல்லை. காற்றிலிருந்து என்னைக் காப்பாற்றச் சொன்னாய், காற்றிலிருந்து காப்பாற்றியது, மூங்கிலைப் பற்றி நீயும் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கோணியை எடுக்கச் சொன்னது நான்தான். ஜட்காவில் ஏறி இறங்கி எனக்கு முட்டி போய்விட்டது. இந்தத் தடவை மறைப்பை நானே பார்க்கிறேன் என்றேன். இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு மெல்லிய ஏடு வைத்து ஒட்டிய கண்ணாடி இருக்கிறதாம், பெரிய கார்களுக்கு வைப்பது. விசாரித்து ஒரு துண்டு வரவழைத்தேன். கொல்லையில் கல் மேல் வைத்து, 'சுத்தியலால அடிங்க' என்றேன். அப்பா சுத்தியலை ஓங்கினார், அடிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வாங்கி இடது கையால் ஓங்கி அடித்தேன். சிலந்தி வலை மாதிரி முழுக்கக் கீறல் விட்டது, ஒரு துண்டு கூட உதிரவில்லை. இப்போது தொட்டிக்கு முன்னால் அதுதான் இருக்கிறது, நெஞ்சு உயரத்துக்கு, நான் அதற்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு போகிறேன். காற்று கொஞ்சம் முகத்தில் அடிக்கிறது, அடிக்கட்டும், அப்பாவின் பழைய பட்டறைக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொள்கிறேன். சப்பரத்து மாதா மாதிரி என்று இப்போது யாரும் சொல்வதில்லை, வேறு என்னென்னவோ சொல்கிறார்கள்.

ஆகையால், விக்டர், அந்த ஜன்னல் கண்ணாடியைக் கழற்றி ஜன்னலிலேயே வை. ஒட்டுக் கண்ணாடி ஈப்போவில் கிடைக்கும், பினாங்கிலாவது கிடைக்கும், கடைக்காரன் ஒரு துண்டை உன் எதிரில் அடித்துக் காட்டச் சம்மதித்தால் வாங்கு, இல்லாவிட்டால் வேறு கடை. அதுவும் கிடைக்காவிட்டால் மறைப்பே வேண்டாம், முகத்தில் துணி சுற்றிக்கொள்ளட்டும், வண்டை மென்றுவிட்டுத்தான் நான் எத்தனையோ பிள்ளைகளை எடுத்தேன். சலேத்மேரி நீர் நிறையக் குடிக்கட்டும், கால் வீங்கினால் உடனே டாக்டரிடம் காட்டு, நாளைக்கு என்று தள்ளாதே. வலி எடுத்ததும் வேகமாக ஓட்டாதே. அங்கே பிரசவம் பார்க்கும் நர்சம்மாளின் கை சுத்தமா என்று கேட்டுவிடு, கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், கேட்கச் சொன்னது என் மாமியார் என்று சலேத்மேரி சொல்லிவிடட்டும். இதையெல்லாம் உன் பக்கத்தில் நின்று சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஊரில் இருக்கிற பிள்ளையையெல்லாம் எடுத்தேன், என் பேரப்பிள்ளையை யாரோ எடுக்கப் போகிறார்கள். என் கை ஈப்போவுக்கு எட்டாது. வாய் நீளம் என்று உன் அப்பா முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறார், அது அங்கே வரை நீளுமா என்று பார்க்கத்தான் இவ்வளவு எழுதினேன்.

தேவன் உங்கள் மூன்று பேரையும் தம் உள்ளங்கையில் வைத்துக் காக்கட்டும். பிள்ளை பிறந்ததும் தந்தி கொடு, ஆணா பெண்ணா என்று முதலில் போடாதே, சுகம் என்று முதலில் போடு.

உன் அன்புள்ள அம்மா,
செ. அமிர்தம்